ஓட்டமும் நடையுமாக

(நம் சங்கத்தின் மும்பை உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தந்திருக்கிறோம்.)



இந்த மேடையில் வழக்கமாக உபன்யாசம் நடக்கும். இல்லையென்றால் ஆடிட்டர் யாராவது வருமான வரி பற்றிப் பேசுவார். இந்தத் தடவை செயலாளர் எனக்குப் போன் பண்ணி, "உங்க கால் கதையைச் சொல்லுங்கோ" என்றார். "என் காலில் என்ன சார் கதை இருக்கு?" என்றேன். "எங்கே பார்த்தாலும் எல்லார்கிட்டயும் அதைத்தானே சொல்லிண்டிருக்கேள். ஒரே தடவையா மைக்கில் சொல்லிட்டா எல்லாருக்கும் ஆச்சு" என்றார். ஆகவே வந்து நிற்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. 37 வருஷம் பாங்கில் குப்பை கொட்டியவன். கால் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது, டாக்டரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டது, அவ்வளவுதான்.

முதலில் நான் ஏன் ஓட ஆரம்பித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். மாட்டுங்காவில் பழைய ஆட்கள் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். சர்க்கரை வியாதி. 1996-ல் ஊருக்குப் போயிருந்தபோது, சித்திரை மாசம், உச்சி வேளையில் கோயில் பிராகாரத்தில் பிரதட்சிணம் பண்ணினார். கருங்கல் தரை. பாதம் கொப்புளித்தது அவருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி போயிருக்கிறது. அதுவும் எங்கள் யாருக்கும் தெரியாது. மும்பைக்குத் திரும்பி நாலு நாள் கழித்து அம்மாதான் காலில் புண்ணைப் பார்த்தாள். இரண்டு விரல் போயிற்று. அடுத்த வருஷம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை.

2019-ல் எனக்கு 56 வயது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.3 என்று ரிப்போர்ட் வந்தது. வியாதி இல்லை, வாசற்படியில் நிற்கிறீர்கள் என்றார் டாக்டர். அன்றைக்கே நடக்க ஆரம்பித்தேன். கொரோனா காலத்தில் மொட்டை மாடியில் நடந்தேன். 2022-ல் சிவாஜி பார்க்கில் காலை 5 மணிக்கு ஓடுகிற கோஷ்டி ஒன்றில் சேர்ந்தேன். ஒரு சுற்று சுமார் 1.2 கிலோமீட்டர். முதல் நாள் அரைச் சுற்று ஓடிக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். ஆனால் 2023 ஜனவரி 15-ஆம் தேதி மும்பை மாரத்தானில் பாதி தூரம், அதாவது 21 கிலோமீட்டர், 2 மணி 41 நிமிஷத்தில் ஓடி முடித்தேன். சர்க்கரை 5.8-க்கு வந்திருந்தது. மெடலைப் போட்டுக்கொண்டே காபி குடித்தேன், குளிக்கப் போகும்போதுதான் கழற்றினேன்.

ஏப்ரலில் ரிடையர் ஆனேன். அங்கேதான் வினை. நேரம் கிடைத்துவிட்டது! வாரம் 25 கிலோமீட்டர் ஓடினவன், இரண்டே மாசத்தில் 50-க்கு ஏற்றினேன். மூச்சு வாங்கவில்லை, களைப்பு இல்லை, அதனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு தப்பு என்று புரிய எனக்கு ஒன்றரை வருஷமும் இரண்டு வியாதியும் தேவைப்பட்டது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். என்னைப் போல் மெதுவாக ஓடுகிறவனின் ஒரு அடி முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. 21 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 26,000 அடி. ஒவ்வொரு காலுக்கும் 13,000. ஒவ்வொரு தடவையும் உடம்பு எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு பாரம் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. நான் அப்போது 74 கிலோ. பயிற்சி பண்ணினால் இருதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிக்கொள்கின்றன. எலும்பும் நாரும் பழக மாதக்கணக்கில் ஆகும். மூச்சு "போகலாம்" என்று சொல்லும்போது கால் இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஜூனில் மழை ஆரம்பித்த சமயம், ஒரு நாள் காலையில் படுக்கையிலிருந்து இறங்கி முதல் அடி வைத்தேன். இடது குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலி. பத்து அடி நடந்ததும் குறைந்துவிட்டது. ஓடப் போனேன், ஒன்றும் தெரியவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து எழுந்தால் மறுபடி ஆணி. இந்தச் சபையில் பத்துப் பேருக்காவது இது பழக்கமாக இருக்கும், தலையாட்டுகிறீர்களே, தெரிகிறது. குதிகால் வாதம் என்று நம் பாட்டிமார்கள் சொன்னது. டாக்டர்கள் பிளாண்டர் ஃபேசியைடிஸ் என்கிறார்கள். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை பாதத்துக்கு அடியில் ஒரு தடித்த நார்ப்பட்டை போகிறது. பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான். ராத்திரி தூங்கும்போது பாதம் கீழ்நோக்கித் தொங்கி அந்தப் பட்டை சுருங்கிக் கிடக்கிறது. காலையில் முதல் அடியில் திடீரென்று இழுபடுவதால் அந்த வலி.

இரண்டு மாசம் யாரிடமும் சொல்லாமல் ஓடினேன். அம்மா கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு அப்போது 84 வயது. ஒரு செங்கல்லைச் சுடவைத்து, மேலே எருக்க இலையைப் போட்டு, குதிகாலை வை என்றாள். மாட்டுங்காவில் எருக்க இலைக்கு எங்கே போவது என்று யோசிக்க வேண்டாம். சனிக்கிழமை மாருதிக்குச் சாத்த ருயி மாலை விற்கிறார்களே, அதேதான். செங்கல்தான் கிடைக்கவில்லை, கட்டடம் கட்டுகிற இடத்தில் வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கி வந்தேன். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சர்க்கரைக்காரர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்தவருக்குச் சூடு எவ்வளவு என்று தெரியாது. வெந்நீர் ஒத்தடமும் அப்படித்தான். அப்பாவுக்கு நடந்தது எனக்கு ஞாபகம் வந்து, செங்கல்லை வாட்ச்மேனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எலும்பு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பில் சின்ன முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து ஃப்ளாட்டில் "எலும்பு வளர்ந்திருக்காம், ஆபரேஷனாம்" என்று செய்தி பரவிவிட்டது. டாக்டர் சிரித்தார். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த முள் இருக்கிறது, பெரும்பாலும் அது குற்றவாளி இல்லை என்றார். ஊசி போடலாமா என்று கேட்டேன். ஸ்டீராய்டு ஊசி கொஞ்ச நாளைக்கு வலியைக் குறைக்கும், ஆனால் அந்த நார் அறுந்துபோகும் அபாயமும் உண்டு, முதலில் பயிற்சி செய்யுங்கள் என்று ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்.

அந்தப் பெண்ணுக்கு என் பிள்ளை வயதுகூட இருக்காது. மராத்திப் பெண். என்னை "காகா" என்று கூப்பிடுவாள். முதல் நாள் ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னாள். வலது கால் 22 தடவை தூக்கியது. இடது கால் ஏழாவது தடவை நடுங்கி நின்றுவிட்டது. 21 கிலோமீட்டர் ஓடின மனுஷன்! ஓய்வு மட்டும் எடுத்தால் இந்த நார் பலம் பெறாது, அளவாகப் பாரம் ஏற்ற வேண்டும் என்றாள். படிக்கட்டின் விளிம்பில் நிற்க வேண்டும். ஒரு துண்டைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைக்க வேண்டும். மூன்று விநாடி ஏறி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடி இறங்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள். டென்மார்க்கில் செய்த ஓர் ஆய்வு 2014-ல் வெளிவந்தது. வெறுமே இழுத்து நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட இப்படிச் செய்தவர்களுக்கு மூன்று மாசத்தில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டு கோஷ்டிக்கும் அதிக வித்தியாசம் இல்லை. பெரும்பாலோருக்கு ஒரு வருஷத்துக்குள் எப்படியும் சரியாகிவிடுகிறது. அந்த ஒரு வருஷம் பொறுக்கிற மனசு ஓடுகிறவனுக்குக் கிடையாது, அதுதான் சிக்கல்.

இன்னொன்றும் சொன்னாள். வீட்டில் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. டைல்ஸ் தரை குதிகாலுக்கு ஆகாது, மெத்தென்ற செருப்புப் போடுங்கள் என்றாள். நம் அகத்தில் செருப்பா! அம்மா மடி ஆசாரம் பார்க்கிறவள். செருப்பு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததே கிடையாது. சொன்னதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில், நான் சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போவதைப் பார்த்துவிட்டு, அவளே சொன்னாள்: "அந்தக் காலத்துல பெரியவா பாதக்குறடு போட்டுண்டு அகத்துக்குள்ள நடக்கலியா? வெளியில போகாத செருப்பு செருப்பே இல்லை. புதுசா வாங்கிக்கோ. பூஜை உள்ளுக்கும் சமையல் உள்ளுக்கும் மட்டும் வராதே." கொஞ்ச நேரம் கழித்து, "உங்கப்பாக்கு அன்னிக்கு யாராவது சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். அன்று சாயங்காலமே தாதரில் செருப்பு வாங்கினேன்.

இனி நான் செய்த தப்புக்கு வருகிறேன்.

நார் வலிக்கு அந்தப் பெண் ஒரு விதி சொல்லியிருந்தாள். வலிக்கு பத்துக்கு மார்க் போடு. மூன்று வரை இருந்தால் ஓடலாம். மறுநாள் காலையில் அதற்கு மேல் ஏறினால் தூரத்தைக் குறை. நோட்டில் எழுதிக்கொண்டு வா. நவம்பர் வாக்கில் வலி ஒன்று, இரண்டு என்று வந்துவிட்டது. 2024 ஜனவரிப் போட்டிக்குப் பணம் கட்டியாகிவிட்டது. கோஷ்டியில் எல்லாரும் 18, 20 என்று ஓடி வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். எனக்கு அவள் கொடுத்த அளவு ஞாயிற்றுக்கிழமைக்கு 12 கிலோமீட்டர். நான் 18 ஓடினேன். நோட்டில் 12 என்று எழுதினேன்.

பொய்க் கணக்கைக் கண்டுபிடித்தே 37 வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். மூன்று ஞாயிறு இப்படி எழுதினேன்.

குதிகாலைக் காப்பாற்ற வேண்டும் என்று என்னை அறியாமலே முன்பாதத்தில் ஊன்றி ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். டிசம்பர் முதல் வாரம் அதே இடது காலில், இரண்டாவது விரலுக்கு மேலே, பாதத்தின் மேல்பக்கம் ஓர் இடத்தில் வலி. ஒரு விரலால் தொட்டுக் காட்டலாம், அவ்வளவு குறிப்பான இடம். லேசான வீக்கம். மார்க் போட்டேன்: மூன்று. விதிப்படி ஓடலாமே! எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றும் இல்லை என்று வந்தது. அதை ஒரு சர்டிஃபிகேட் மாதிரி எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறும் போனேன். ஒர்லி கடற்கரையில் பதினோராவது கிலோமீட்டரில் இடது காலைத் தரையில் வைக்க முடியவில்லை. டாக்சியில் வீட்டுக்கு வந்தேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தெரிந்தது. பாதத்தின் இரண்டாவது நீள எலும்பில் விரிசல். விழுந்து அடிபட்டு வந்ததில்லை, திரும்பத் திரும்பப் பாரம் ஏறி வந்தது. இது ஓட்டக்காரர்களுக்கு மட்டும் வருகிற புது வியாதி இல்லை. 1855-லேயே பிரஷ்யப் பட்டாளத்தில் பிரைட்ஹவுப்ட் என்கிற மருத்துவர், நீண்ட தூரம் அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் வீங்கிய பாதங்களைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். அப்போது எக்ஸ்ரேயே கிடையாது. எக்ஸ்ரே வந்த பிறகும், முதல் இரண்டு மூன்று வாரம் இந்த விரிசல் பல சமயம் அதில் தெரியாது.

எலும்பு உயிரற்ற குச்சி இல்லை. பாரம் ஏறினால் பழைய எலும்பைக் கரைத்து எடுக்கிற செல்கள் முதலில் வேலை செய்கின்றன. புது எலும்பை வைக்கிற செல்கள் பின்னால் வருகின்றன. நம் ஊரில் ரோடு வேலை நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களே, முதலில் தோண்டிவிட்டுப் போய்விடுவார்கள், மூடுகிறவர்கள் அப்புறம் வருவார்கள். நடுவில் அந்தக் குழியில் லாரியை ஓட்டினால் என்ன ஆகும்? அதைத்தான் நான் செய்தேன்.

பிசியோதெரபிஸ்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தாள். என் நோட்டைப் பார்த்தாள். பிறகு, "காகா, கையைக் காட்டுங்கள்" என்றாள். என் கையில் ஓடும் தூரத்தைக் காட்டுகிற கடிகாரம் இருந்தது. பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். 18, 18, 19. கோபப்படவில்லை. "மாத்திரையை ஒன்றரை மடங்கு சாப்பிட்டுவிட்டு மாத்திரை சரியில்லை என்பீர்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சொன்னதுதான் இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயம். மூன்று மார்க் விதி நாருக்கு. எலும்புக்கு அந்த விதி கிடையாது. எலும்பு வலியில் அனுமதி பூஜ்யம். நாரில் கொஞ்சம் வலியோடு பயிற்சி செய்தால் குணமாகும். எலும்பில் கொஞ்சம் வலியோடு ஓடினால் உடையும். ஒரே காலில் இரண்டு விதமான வலி, இரண்டு விதமான சட்டம். ஒரு புது இடத்தில் வலி வந்ததும் நான் அவளிடம் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். சொன்னால் 18-ம் வெளியே வந்துவிடும் என்று சொல்லவில்லை.

ஆறு வாரம் முழங்கால் வரை பெரிய பூட்ஸ். 2024 ஜனவரி 21, மாரத்தான் அன்று, பெடர் ரோடு மேட்டில் ஒரு நண்பர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தட்டில் ஆரஞ்சுச் சுளை வைத்துக்கொண்டு, ஓடி வந்தவர்களுக்குக் கொடுத்தேன். எங்கள் கோஷ்டி ஆள் ஒருவர் ஓடிக்கொண்டே, "அடுத்த வருஷம், அடுத்த வருஷம்!" என்று கத்திவிட்டுப் போனார். சிரித்தேன். உள்ளே பயம். சர்க்கரை மறுபடி 6.2 ஆகியிருந்தது. கால் போய்விடக் கூடாதே என்று ஓட ஆரம்பித்தவன், ஓடியே காலைக் கெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த நாற்காலியில் என் அப்பா பால்கனியில் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தேன் என்று ஆத்துக்காரி பிற்பாடு சொன்னாள்.

ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 11 என்று வந்தது. 20-ஆவது வேண்டும். இவ்வளவு வெயில் அடிக்கிற தேசத்தில் இது எப்படி என்று கேட்டேன். "நீங்கள் எத்தனை மணிக்கு ஓடுகிறீர்கள்?" என்றார் டாக்டர். விடிவதற்கு முன் போய், வெயில் ஏறுவதற்குள் வீட்டுக்கு வந்து, நிழலில் உட்காருகிறவனுக்கு எங்கிருந்து வரும்? பி12-உம் குறைவு. நாம் மரக்கறி சாப்பிடுகிறவர்கள். பால் தயிரைத் தவிர அதற்கு வழி குறைவு. அது குறைந்தால் பாதத்தில் மரத்துப்போகும். சர்க்கரைக்காக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் குறையலாம். இரண்டையும் ஒரு தடவை பரிசோதித்துப் பாருங்கள். ஆனால் கடையில் நீங்களாகவே மாத்திரை வாங்கி விழுங்க வேண்டாம், டி அதிகமானாலும் கெடுதல்.

பிப்ரவரியில் பூட்ஸைக் கழற்றினேன். இடது கெண்டைக்கால் சூம்பியிருந்தது. முதலில் நடை மட்டும். கூடவே நீச்சல்குளத்தில், இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, கால் தரையில் படாமல் தண்ணீருக்குள் ஓடுகிற பயிற்சி. பார்க்கிறவர்களுக்கு நான் முழுகிக்கொண்டிருப்பது போல் இருக்கும். ஒரு பையன் கைகூடக் கொடுத்தான். இதனால் மூச்சு கெடாமல் இருக்கும். ஆனால் எலும்புக்குப் பலம் வராது, அதற்குத் தரையில் பாரம் ஏறித்தான் ஆக வேண்டும். அதனால் படிக்கட்டுப் பயிற்சியை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஏப்ரலில் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. இப்படிப் பத்துத் தடவை. அடுத்த நாள் கட்டாய ஓய்வு. எலும்பில் துளி வலி இருந்தாலும் ஒரு படி பின்னால் போக வேண்டும். மே மாசம் ஒரு தடவை போனேன்.

சிவாஜி பார்க்கில் நம்மவர் ஒருவர், "என்ன ஓய், ஓட்டமும் நடையுமா எங்கே அவசரமா?" என்று தினமும் கேட்பார். நல்ல எண்ணத்தோடு ஃபௌஜா சிங் படத்தை அனுப்புகிறவர்களும் உண்டு. 2011-ல் டொராண்டோவில் 100 வயதில் மாரத்தான் முடித்த மகான், மறுக்கவில்லை. ஆனால் விரிசல் விட்ட எலும்பு உற்சாகத்துக்குக் கட்டுப்படாது. ஜூன் மாசமே எனக்கு மூச்சு பழையபடி ஆகிவிட்டது. அரை மணி ஓடிவிடலாம் போல இருந்தது. போன வருஷம் என்னை ஏமாற்றியதும் அதே மூச்சுதான். இந்தத் தடவை கடிகாரத்தை ஆத்துக்காரியிடம் கொடுத்துவிட்டேன். நோட்டும் அவளிடம்தான். இன்றுவரை அவள்தான் எழுதுகிறாள்.

2025 ஜனவரி 19-ஆம் தேதி 21 கிலோமீட்டருக்குப் பேர் கொடுக்கவில்லை. 10 கிலோமீட்டருக்குத்தான் கொடுத்தேன். ஏழாவது கிலோமீட்டரில் குதிகால் கொஞ்சம் முணுமுணுத்தது. நார்தான், பழைய இடம்தான், மார்க் இரண்டு. இருந்தாலும் ஒரு நிமிஷம் நடந்தேன். 1 மணி 19 நிமிஷம். சர்க்கரை 5.9. அம்மா மெடலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதைவிடக் கனமா போன தடவை ஒண்ணு குடுத்தாளே?" என்றாள்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார், முடித்துவிடுகிறேன். இரண்டாவது தடவை பாயசத்துக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம், சீக்கிரம் படுக்க வேண்டும். நாளைக் காலை 8 கிலோமீட்டர். எட்டுதான். முன்வரிசையில் ஆத்துக்காரி உட்கார்ந்திருக்கிறாள், நோட்டும் அவள் பையில் இருக்கிறது.